குலுங்காத அறை

— அந்த மரப்படகோட படத்தைக் கீழ வைங்க, லிஃப்ட்காரரே. படம் பாத்துப் படகு எடுக்கறவங்கதான் முதல் நாளே வாந்தி எடுக்கப் பக்கெட் கேக்கறாங்க.

— எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும், வாத்தியாரே. ஏழு நாள் நடுக்கடல்ல தங்கி முங்கறது. பெரிய திருக்கை மீன் வரும்னு போட்டிருக்கு. இதுதான் வேணும்.

— அந்தத் திருக்கை இருக்கற இடத்துக்குப் போய்ச் சேரவே பதினாலு மணி நேரம். மறைவே இல்லாத கடல். அலை பக்கவாட்டுல அடிக்கும். நீங்க அதைப் பாக்கறதுக்குள்ள அது உங்களைப் பாத்துப் பரிதாபப்படும்.

— இருபத்தாறு வருஷமா லிஃப்ட் ரிப்பேருக்கு ஏறி இறங்கறவன் நான். ஒரு தடவை தலை சுத்தினதில்ல.

— லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகும். கடலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. இதோ, இந்த இரும்புப் படகைப் பாருங்க. நல்ல அகலம். தீவுக்குத் தீவு ரெண்டு மணி நேரம், அதுவும் காத்து மறைவுல. எல்லாரும் படுத்தப்புறம்தான் நகரும். அறை கீழ்த்தட்டுல, நட்ட நடுவுல. அங்கதான் குலுக்கல் கம்மி.

— ஜன்னல் இருக்கா?

— இல்ல.

— அதானே பாத்தேன். மேல கண்ணாடி வெச்ச அறை நாலு இருக்கு. எனக்கு மட்டும் பொந்து.

— மேல போகப் போக ஆட்டம் ஜாஸ்தி. அந்த அறையில வேடிக்கை பாக்கலாம், தூங்க முடியாது.

— உன் கணக்கு எனக்குப் புரியாதா? அப்பா வந்ததால வயசானவங்க போற படகுல போக வேண்டியதாப் போச்சேன்னு என் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பா. நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டுவ. அவ அம்மாவைக் கட்டிக்கிட்ட, சரி. பொண்ணையும் சேத்து எழுதிக் குடுத்தாங்களா உனக்கு?

— யாரும் யாரையும் எழுதிக் குடுக்கல. பதினெட்டாவது பொறந்த நாளுக்கு என்ன வேணும்னு அவளைக் கேட்டோம். கடல்ல ஏழு நாள், அப்பாவும் வரணும்னா. அதனாலதான் உங்களை உள்ள விட்டு நாற்காலி போட்டேன். இல்லேன்னா வாசல்லயே பேசி அனுப்பியிருப்பேன்.

— நாற்காலியும் ஈரம்.

— முங்கற கடையில எல்லாம் ஈரமாத்தான் இருக்கும். பின்னாடி தொங்கற உடுப்புல சாயாதீங்க, சொட்டுது.

— உன் கடைப்பக்கம் வரக்கூடாதுன்னுதான் ரெண்டு பஸ் மாறிப் போய் இன்னொரு குளத்துல கத்துக்கிட்டேன். சான்றிதழ் இருக்கு. பாக்கறியா?

— பாத்தேன். கத்துக் குடுத்தவர் என்கிட்ட படிச்சவர். தண்ணிக்குள்ள நல்லா இருக்கீங்களாம். படகுலதான் பிரச்சனை.

— படகுல என்ன பிரச்சனைன்னு உனக்குத் தெரியாதா? அன்னிக்கு உன் படகுல நான் தலை கவுந்து கிடந்தேன். நீ எங்க வீட்டுக்காரிக்குத் தண்ணி பாட்டில் நீட்டிக்கிட்டு நின்ன. ஒரு பகல் வாந்தி எடுத்தேன், பதினாறு வருஷக் குடும்பம் போச்சு.

— தண்ணி பாட்டில் உங்களுக்காகக் குடுத்தது. அவங்க உங்களை விட்டுப் போனது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. நடுவுல என்ன நடந்துதுன்னு கடலைக் கேக்காதீங்க.

— வாயை அடக்கிப் பேசு.

— நீங்க ஆரம்பிச்சீங்க. அன்னிக்குப் பன்னண்டு வயசுப் பொண்ணு முங்கற உடுப்பு மாட்டி ரெடியா நின்னுச்சு. உங்க தலையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்துச்சு. கால்கூட நனைக்கல. அது ஞாபகம் இருக்கா?

— அது ஞாபகம் இருக்கறதாலதான் வந்திருக்கேன். இந்தத் தடவை அவகூட ஜோடியா நான் இறங்கணும். ஒரே ஒரு தடவையாவது. ஆண்டவன் எனக்குக் காதுக்குள்ள ஒரு திருகாணியைச் சரியா முடுக்காம அனுப்பிட்டாரு. அதுக்காக அவளை எத்தனை வருஷம் உன்கிட்டயே விடறது?

— விட்டது நீங்க. நாலு வருஷமா அவ குதிக்கறதுக்கு முன்னாடி கரையை ஒரு தடவை திரும்பிப் பாப்பா. ஒரு நாளாவது வந்து நின்னீங்களா?

— உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காது.

— எனக்கும் உங்க மூஞ்சி பிடிக்காது. ஆனா தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், அவளுக்கு உங்க மூக்கு. இந்தப் படகு ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க.

— எங்க? எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. நாக்கு வேற ஒட்டிக்குது.

— திரும்புங்க. காதுக்குப் பின்னாடி என்ன இது?

— வாந்திக்கு ஒட்டுற மருந்து. ஒத்துக்குதான்னு பாக்கலாம்னு மூணு நாள் முன்னாடியே ஒட்டினேன்.

— அது நல்லதுதான். இந்தக் காதுல?

— அதுலயும் ஒண்ணு. எதிர் எடை இல்லாம எதுவும் சமமா நிக்காது, வாத்தியாரே. என் தொழில் அது.

— தலை என்ன லிஃப்ட்டா? ஒண்ணுதான் ஒட்டணும். ரெண்டு ஒட்டினா கண்ணு மங்கும், வாய் காயும். கடலுக்குப் போகாமயே இங்க விழுந்திருப்பீங்க. அசையாதீங்க, பிய்க்கறேன்.

— மெதுவா. முடி வருது.

— வரட்டும். கையைக் கழுவிட்டு இந்தத் தண்ணியக் குடிங்க. டாக்டரைப் பாத்துட்டுத்தான் இனிமே எதையும் ஒட்டணும். பஸ்ல போக வேணாம், நான் கொண்டு விடறேன்.

— உன் வண்டியில ஏற மாட்டேன்.

— சரி, கார் பின்னாடியே நடந்து வாங்க. படிக்கறேன், கேளுங்க. இரும்புப் படகு. கீழ்த்தட்டு, நடு அறை. தண்ணிக்குள்ள வாந்தி வந்தா வாய்ல இருக்கற காத்துக் குழாயைக் கழட்டாம அதுக்குள்ளேயே எடுக்கணும், தெரியுமில்ல?

— குளத்துல சொல்லிக் குடுத்தாங்க.

— சரி. அடுத்தது, அவசரம்னா கூப்பிட வேண்டியவர். என் பேரும் போன் நம்பரும் எழுதியிருக்கேன்.

— அதுலயும் நீயா? எனக்குன்னு வேற நாதியே இல்லையா? பக்கத்துலயே நின்னு கழுத்தறுக்கப் போறவனை எதுக்கு போன் போட்டுக் கூப்பிடணும்?

— பக்கத்துல யாருங்க நிக்கறது? அதுல கரையில இருக்கறவங்க பேரைத்தான் எழுதணும். படகுல ரெண்டே ரெண்டு இடம்தான் சொல்லி வெச்சிருக்கேன், உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும்.