யாருமில்லை என்று எழுதிய படிவம்

தலைமையேற்றிருக்கும் ஜானகியம்மாள் டீச்சர் அவர்களே, ஷிப்ட் முடிந்து நேராக வந்து நிற்கும் பெரியவர்களே, மலர்கொடி அக்கா வாசலில் நின்றபோதெல்லாம் கதவைத் திறந்த தாய்மார்களே, வணக்கம். நான் சத்யப்பிரியா. முனைவர் மலர்கொடியின் ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவள். மேடை எனக்குப் பழக்கமில்லை. "என் இரங்கல் கூட்டத்துல எல்லாத்தையும் பேரோட சொல்லிடு" என்று அவர் கேட்டுக்கொண்டதால் நிற்கிறேன்.

எதைத் தேடினார் அவர்? மார்பகப் புற்றைத் தடுத்து நிற்கும் மரபணுக்களில், இன்னும் யார் கண்ணிலும் படாத ஒன்றை. சுரங்கத்து பெல்ட் ஆபரேட்டரின் மகள் அல்லவா, இப்படித்தான் விளக்குவார்: "பெல்ட்ட நிறுத்த ரெண்டு சுவிட்சு. ஒண்ணு பொறக்கும்போதே கெட்டிருந்தா, இன்னொண்ணும் கெடுற அன்னிக்கு மண்ணு கொட்டிகினே இருக்கும்."

அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று வரும் அந்தச் சுவிட்ச்தான் மரபணு; அது இருக்கும் இடத்தை அறிய, நோய் தொடரும் குடும்பங்கள் வேண்டும். கேட்டால் என்ன சொன்னோம் நாம்? "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க." முதல் ஆண்டு ஆய்வுக்கூடத்து நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டு திரும்பினோம். பிறகு அக்கா கேள்வியை மாற்றினார். குறிஞ்சிப்பாடியில் ஒரு பெண்ணிடம், "காதுகுத்துக்கு ஒங்க அப்பா எந்தெந்த வூட்டுக்குச் சீர் எடுத்துகினு போனாரு?" என்றார்.

"மூணு அத்த வூட்டுக்கும். நடு அத்தைதான் மார்ல கட்டி வந்து செத்துப்போச்சி."

"அத ஏம்மா மொதல்ல சொல்லல?"

"கட்டிக் குடுத்தாச்சே, அது வேற வூடுங்களே!"

கட்டிக்கொடுத்தால் ரத்தம் மாறிவிடுமா? அப்பா வழியாகவும் அது வருமே! அந்த ஒரு கேள்வியால் பதினான்கு குடும்பங்கள் கிடைத்தன. தேட வேண்டிய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் தேவை. முதல் ஆண்டிலேயே அக்கா தன் ரத்தத்தைக் கொடுத்திருந்தார். போன ஆண்டு அதில், அந்தக் குடும்பங்களில் நோய் வந்தவர்களிடம் பார்த்த அதே மரபணு மாற்றம் தெரிந்தது. பரிசோதனையை மூன்று முறை திரும்பச் செய்தேன். பிறகு போய்ச் சொன்னேன்.

"டியூப்ப மாத்தி வச்சிட்டியாடி?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ரத்தம் கொடுத்த அன்று அவர் நிரப்பிய பழைய படிவத்தை எடுத்தோம். 'குடும்பத்தில் நோய்: யாருமில்லை.' அவருடைய கையெழுத்து. கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பத்தெட்டு வயதில் மார்பில் கட்டி வந்து இறந்த அவருடைய அத்தை சாமியம்மாள் அதில் இல்லை. ஊரையெல்லாம் கேட்டவர் தன்னைக் கேட்கவில்லையே! அதன் பிறகு அவருக்கு ஸ்கேன் எடுத்தபோது, மார்பில் தொடங்கிய நோய் ஈரல்வரை போயிருந்தது.

அந்த நிலையிலும் அண்ணன் அறிவழகன் வீட்டுக்கு ரத்தம் கேட்டுப் போனார். "பொண்ணுக்கு வரன் பாத்துகினு இருக்கோம், ஊரு என்னா பேசும்?" என்று கதவு சாத்தப்பட்டது. இன்று காலை அந்த அண்ணனே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "மொதல்ல எங்கிட்ட எடும்மா. எங்கிட்ட இல்லன்னா எம்பொண்ணுக்கு என் வழியா வராதுன்னு தங்கச்சி வாசல்ல நின்னு சொல்லிச்சி. நான் கதவச் சாத்துனதையும் கூட்டத்துல சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன், ஐயா.

திங்கட்கிழமை கம்மாபுரம் போகிறேன், சாமியம்மாளின் பிள்ளைகளைத் தேடி. அக்காவின் படிவத்தில் 'யாருமில்லை'க்குக் கீழே நேற்று அத்தையின் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் அக்காவின் பெயரை. மூன்றாவது வரி காலியாக இருக்கிறது.

அதைக் காலியாகவே வைத்திருப்பதுதான் இனி என் வேலை, அக்கா.