கிணற்றடியில் பதினேழு வசனம்

போதகர் ஐயா, நீங்கள் சொன்னபடி இந்த வாரத்து வேத வாசிப்புக்கு என் சிந்தனையை எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதுவார்கள். எனக்கு நீண்டுவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிப்பதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் எழுத்துப் படித்தது ஐம்பத்தோராவது வயதில். படிப்பித்தவர் விஜிதரன், என்னைவிட ஒன்பது வயது இளையவர். பதினொரு வருடம் நாங்கள் இருவரும் சோடியாகக் கிணறு துப்புரவு செய்தோம். மாரி வெள்ளம் வடிந்ததும் தன்னாமுனையிலிருந்து படுவான்கரை வரைக்கும் சனம் எங்களைத்தான் தேடும். அவர் இறங்கிச் சேறு அள்ளுவார். எனக்கு மூட்டுவலி, அதனால் மேலே நின்று, அவருடைய இடுப்பில் கட்டிய கயிற்றைக் கப்பி வழியாகப் பிடிப்பேன்.

ஆளை இறக்க முன் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும். குப்பி விளக்கைக் கொளுத்தி வாளிக்குள் வைத்து அடிவரை விடுவோம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக அடித்துக் காற்றைக் கலைத்துவிட்டு, மறுபடியும் விளக்கு விட வேண்டும். விளக்கைப் பார்ப்பது கயிறு பிடிக்கிறவனின் பொறுப்பு. விஜிதரன் அந்த நேரம் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, சபையில் தந்த தாளிலிருந்து அன்றைய வேத வாசிப்பைச் சத்தமாக வாசிப்பார். முடிந்ததும் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "எரியுதா அண்ணன்?" என்பார். "எரியுது" என்று நான் சொன்னால் இறங்குவார். பதினொரு வருடத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பகலைக்கு அவருடைய மனைவி அஜந்தா இருவருக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிடுவாள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அதே தாளை விரித்து, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து என்னை வாசிக்க வைப்பார். வீட்டில் என்னோடு கதைக்க யாருமில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பகலில் அவர் கதைத்ததை நினைத்துக்கொண்டு இரவில் படுப்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வருடம் மாசி மாதம் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வட்டைக் கரையில், நெல் வயலோரமாக, வேலை வந்தது. ஆள் இல்லாத காணி. பல வருடமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்த கிணறு. போகிற வழியில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். அங்கேதான் அவர் சொன்னார்.

"அண்ணன், திங்கக்கிழமையில இருந்து நான் வரமாட்டன். மருமகன்ட குழாய்க்கிணறு மிசினோட போகப்போறன்."

"ஏன், இஞ்ச உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்டுமில்ல. அஜந்தாக்குப் பயம். எவ்வளவு காலத்துக்கு இந்தப் பொந்துக்குள்ள பூந்து வாற?"

அந்த வாரம் ரூத்தின் கதை வாசித்திருந்தோம். மாமி எங்கே போனாலும் கூடவே போன பிள்ளை. அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் ரீ சிந்தச் சிரித்தார்.

"நான் என்ன உங்கட மருமகளா அண்ணன்? அவளுக்கு வாய்ச்சது மாமிக் கிழவி. எனக்கு வாய்ச்சது மூட்டுவலிக் கிழவன்."

நானும் சிரித்தேன். "மறுகா எனக்கு ஆர் வாசிச்சுக் காட்டுற?" என்று கேட்டேன்.

"இப்ப நீங்களே வாசிக்கிறீங்கதானே. மறுகா நான் என்னத்துக்கு?"

அந்த ஒரு பேச்சை அவர் பேசியிருக்க வேண்டாம்.

பலகையைத் தூக்கிவிட்டு விளக்கை இறக்கினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார். ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற பகுதி. பாதிக் கிணற்றில் சுடர் சிறுத்து அணைந்தது. மேலே எடுத்துக் கொளுத்தி இரண்டாம் முறையும் விட்டேன். அதே இடத்தில் அணைந்தது. எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவன் நான்.

அவர் தாளை என் பையில் வைத்துவிட்டுக் கேட்டார். எரிகிறது என்றேன்.

கெடுதல் நினைக்கவில்லை, ஐயா. அரைகுறையாக மயங்கட்டும், நான் இழுத்து எடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். உயிரைக் காப்பாற்றியவனை விட்டுவிட்டு யாரும் திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போவதில்லை.

இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கயிறு இரண்டு தரம் இழுபட்டது. தூக்கு என்பதற்கு எங்கள் அடையாளம் அதுதான். கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். "அண்ணன்" என்று ஒரு குரல் வந்தால் இழுக்க ஆயத்தமாக நின்றேன். "அஜந்தா" என்றுதான் வந்தது. பெரிய சத்தமாக இல்லை. பக்கத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

கயிற்றை மரத்தில் சுற்றிக் கட்டினேன். பையிலிருந்த தாளை விரித்தேன். பதினேழு வசனம். அவர் வாசித்தால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். நான் எழுத்துக் கூட்டுகிறவன். நடுவில் ஒரு சொல் விளங்கவில்லை, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். கயிறு இன்னொரு தரம் ஆடியது. பிறகு ஆடவில்லை. யாருடைய விரலும் இல்லாமல் ஒரு பகுதியை முழுதாக வாசித்து முடித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தூக்கினேன். நல்ல பாரம். கால் இரண்டிலும் முழங்கால்வரை சேறு. வாளித் தண்ணீரில் அதை விரல் இடுக்கெல்லாம் கழுவினேன். தாழ்மை என்று நீங்கள் பிரசங்கத்தில் சொல்வது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கழுவி முடித்துத்தான் சத்தம் போட்டேன். வட்டைக்குள் நின்றவர்கள் ஓடி வந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர் விளக்கு இறக்கினாயா என்று கேட்டார். இறக்கினேன் என்றேன். அது உண்மை. அணைந்ததா என்று கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. பெருவிரலுக்கு மை நீட்டினார்கள். எனக்குக் கையெழுத்துத் தெரியும் என்று சொல்லி, விஜிதரன் காட்டித் தந்தபடி கோணாமலை என்று என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

செத்தவீட்டில் அஜந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் நிக்காட்டி அவர்ட உடம்பக்கூட எடுத்திரிக்க ஏலா அண்ணன்" என்றாள். கொஞ்சக் காலம் சோறு அனுப்பினாள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு தேற்றாத்தீவில் அக்காவிடம் போய்விட்டாள். போகிறபோது என்னிடம் சொல்லவில்லை. அவள் மீதும் எனக்குக் கோபம் இல்லை.

புதன்கிழமை ஜெபத்தில் யூதாஸைப் பற்றிக் கதைத்தபோது எல்லாரும் அவனைத் திட்டினார்கள். நான் மட்டும் திட்டவில்லை என்று நீங்கள் கவனித்தீர்கள், அதனால்தான் என்னை எழுதச் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். நான் யோசித்துப் பார்த்தேன். அவன் காசு வாங்கினான். நான் ஐந்து சதம் வாங்கவில்லை. அவன் பந்தியில் இருந்து எழுந்து போனான். நான் கடைசிவரை கிணற்றடியிலேயே நின்றேன். விஜிதரன் செத்தது என்னால்தான், அதை நான் மறைக்கவில்லை. பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், வீட்டில்தான் இருப்பேன். ஆனால் துரோகம் என்ற சொல்லை மட்டும் எனக்குப் போடாதீர்கள். விட்டுவிட்டுப் போகப் பார்த்தவர் அவர். நான் இன்றுவரை வேறு ஒருவரோடும் கிணற்றுக்குப் போனதில்லை.