இரண்டாம் அறையின் கதவைச் சாத்திக்கொண்டவருக்கு

கனிவின் இருப்பிடமே! கண்டிப்பின் மறுபெயரே! முப்பத்தோராண்டுகள் இம்மகளிர் மருத்துவமனையின் இரண்டாம் அறையைக் கட்டியாண்டு ஓய்வுபெறும் தலைமைச் செவிலியரே! வணக்கம். வாழ்த்துமுன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம்: உங்களை நாங்கள் நம்பியதே இல்லை.

பெண்கள் இருவர் இருவராய் வருவார்கள். நீங்கள் கதவைச் சாத்துவீர்கள். அரைமணி நேரம் ஆகும். உள்ளே என்னதான் நடக்கிறது? கிடங்குக்காரர் ஏதாவது களவு போகிறதா என்று கையுறைகளை எண்ணிப் பார்த்தார். மருந்தாளர் கதவில் காதை வைத்தார். "யாரோட வாழ்றீங்க?" என்ற உங்கள் கேள்வியும், "எங்களுக்குள்ள என்ன வந்துடப் போகுது, சிஸ்டர்?" என்ற சிரிப்பும்தான் அவருக்குக் கேட்டன. இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு வாரம் தேநீர் வேளையெல்லாம் மென்றோம்.

பதிவு மேசையில் எங்களுக்கு ஒரே கேள்விதான்: "கணவர் இருக்காரா?" இல்லையென்றால் 'பரிசோதனை தேவையில்லை' என்று முத்திரை. ஆண் இல்லாத இடத்தில் தொற்றுக்கு என்ன வேலை என்பது எங்கள் ஞானம்! பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் நோய் தொற்றும், கருப்பைவாயைக் கெடுக்கும் கிருமியும் அப்படி வரும் என்று நீங்கள் சொன்னபோது, அக்கா எதற்கோ அடிபோடுகிறார் என்றோம்.

இம்மடலை வாசிக்கும் பதிவு மேசைக்காரியான நான், சென்ற ஆண்டு என் சொந்தத் தங்கையின் அட்டையிலும் அந்த முத்திரையைக் குத்தினேன். மணமாகாதவள், தோழியோடு தங்கியிருப்பவள், இவளுக்கு எதற்கு என்றேன். நீங்கள் அவளை வாசலில் மடக்கி உள்ளே அழைத்துப் போனீர்கள். என் தங்கையிடம் இவருக்கென்ன ரகசியம் என்று இரண்டு மாதம் உங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. அவள் கருப்பைவாயில் இருந்த கோளாறைப் புற்றாக மாறுமுன்னே கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். போன வாரம் அவளே சொன்னாள்; அந்தத் தோழி தனக்கு யார் என்பதையும் சொன்னாள். "இதையும் வாசி அக்கா, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். அதுவரை நீங்கள் வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது நிலைமை தலைகீழ். நீங்கள் ஓய்வுபெறுகிறீர்கள் என்றதும் அந்தப் பெண்கள் எங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நேற்று இருவர் வாசலோடு திரும்பிவிட்டார்கள். மேசையில் எங்கள் கேள்வியை விட்டு உங்கள் கேள்விக்கு மாறிவிட்டோம். கேட்கும் முகம் மாறியதா என்று எங்களுக்கே தெரியவில்லை.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க! வாழும் நாட்களில், சொல்லாமல் கொள்ளாமல் யாராவது ஒரு பெண்ணை எங்கள் மேசைக்கு அனுப்பிவையுங்கள். நாங்கள் என்ன கேட்டோம், எப்படிப் பார்த்தோம் என்று பிறகு அவளிடம் விசாரியுங்கள். எங்களை மட்டும் சுலபமாக நம்பிவிடாதீர்கள், அக்கா.

இங்ஙனம்,
உங்களை ஒட்டுக்கேட்ட பணியாளர்கள்