மாதாவுக்குப் பாடியவள்

மேலூரிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

"மாதா வேசம் போடுற பிள்ள வாய அசைச்சாப் போதும். பாடுனவ கல்லறையில இருக்கா."

"என்னக்கா சொல்றீக?"

"எங்க சர்ச்சு கிறிஸ்மஸ் இசை நாடகத்துக்குப் பாட்டெல்லாம் முன்னாடியே ரெக்கார்டு பண்ணிருவோம். மாதாவுக்குப் பாடி நடிக்க இருந்த ஜெனி, போன மாசம் காய்ச்சல்ல போய்ட்டா. இப்ப வேற பிள்ள நடிக்கிது."

"பாட்ட மாத்தலையா?"

"அவ அம்மாதான் வேணாம்னுட்டாக. நேத்து ஒத்திகைக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாக. சவுண்டு செட்டுக்காரரு பாட்டு முடிஞ்சும் நிப்பாட்டல. ரெக்கார்டுல ஜெனி, பாட்டுச் சொல்லிக்குடுத்த என்னையக் கேக்குறா, 'அக்கா, இன்னொருக்க பாடவா?'ன்னு. அதக் கேட்டுக் கேட்டே பழகுன பிள்ளையா, மேடையில அதுக்கும் சேத்து வாய அசைச்சிருச்சு."

"ஐயோ. நீங்க என்னக்கா செஞ்சீக?"

"நிப்பாட்டச் சொல்ல எந்திரிச்சேன். அதுக்குள்ள பின்னாடியிருந்து ஜெனி அம்மா சொன்னாக. 'போதும் தாயி. வா, வீட்டுக்குப் போவோம்.'"