கம்பெனி சௌக்கியமுங்களா?

ஆண்டறிக்கையை நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முன்பக்கத்தில் சேர்மன் சிரித்துக்கொண்டிருப்பார். பொடி எழுத்தில் அச்சடித்த கடைசிப் பக்கங்களில்தான் கம்பெனியின் இருமல் கேட்கும். ஆர்.எஸ்.புரத்தில் பங்குத் தரகு அலுவலகம் வைத்துத் தலை நரைத்ததில் நான் கற்ற ஒரே வித்தை இது. மீதியெல்லாம் சட்டை மடிப்பும் முகராசியும்.

அந்தச் சுண்ணாம்புக்கல் கம்பெனி என் அப்பா காலத்தது. சிமெண்டு ஆலைகளுக்குக் கல் அனுப்புகிறது. காகிதத்தில் லாபம் ஏறிக்கொண்டே இருந்தது. கையில் ரொக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. அனுப்பிய கல்லுக்குப் பணம் வராமல், கடன் வாங்கி டிவிடெண்டு கொடுத்தார்கள். குவாரியில் கல் தீரப்போவது ஓர் அடிக்குறிப்பில் இருந்தது. என் சேமிப்பு முழுவதும் அந்தக் கம்பெனிப் பங்கில் இருந்தது. விற்றுத் தொலைக்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி பாலுசாமி வந்தார். மகள் நவ்யாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். ஆஸ்பத்திரி கூப்பிடும்வரை, தோப்பு விற்ற பணத்தைப் பத்திரமாக எங்காவது போட வேண்டும். பேங்கைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவரிடம் அதைச் சொல்வது மரியாதையாகப் படவில்லை. கல் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். பழைய கம்பெனி என்றதும் அவருக்கு முகம் தெளிந்தது. சம்பந்தி வீட்டாரை விசாரிப்பதுபோல் கேட்டார்.

“ஏனுங்க, கம்பெனி சௌக்கியமுங்களா?”

“சௌக்கியமுங்க.”

எங்கள் பக்கம் ஐ.சி.யு.வில் கிடப்பவரும் அப்படித்தான் சொல்வார்.

“நீங்களும் வெச்சிருக்கறீங்களா?”

“வெச்சிருக்கறனுங்க.”

அது சத்தியம். அவர் காபி குடித்து முடிக்கும்வரை வைத்திருந்தேன். அவருக்கு வாங்க ஓர் ஆர்டர், எனக்கு விற்க ஓர் ஆர்டர். இரண்டையும் நானே போட்டேன். அன்று அந்தப் பங்கில் வேறு யாரும் தலைகாட்டவில்லை.

ஆடியில் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. அதற்குள் அடிக்குறிப்பு ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. பாலுசாமி எந்த விலைக்கு விற்கச் சொன்னாலும் வாங்க ஆளில்லை; அவரைப்போல் இன்னொருவர் எனக்கும் கிடைக்கவில்லை. கல்லீரல் வேறொருவருக்குப் போயிற்று. நவ்யா புரட்டாசியைப் பார்க்கவில்லை.

துக்கத்துக்குப் போனேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. பாலுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்குளுதும் அதுலயே போயிருச்சேங்க. நீங்க சௌக்கியமுங்களா?”

சௌக்கியமுங்க என்றேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி அவரை நோகடிக்க மனம் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இளகின மனசு.