அசையாத முகம்

காபி வேண்டாம் சார், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கொஞ்சம் போட்டோ விஷயமும் பேச வேண்டியிருக்கும். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

ஓடும் வண்டியை அந்தி வெளிச்சத்தில் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஷட்டரை மெதுவாக வைத்து, வண்டி போகிற வேகத்துக்கே கேமராவையும் திருப்ப வேண்டும். சரியாக வந்தால் பின்னால் இருக்கும் கடை விளக்குகளெல்லாம் கோடு கோடாக இழுபடும். ஓட்டுகிறவரின் முகம் மட்டும் அசையாமல் நிற்கும். எனக்கு மாதக்கணக்காக அது நிற்கவில்லை. ஆபீஸ் விட்டதும் வலியசாலை இறக்கத்தில் போய் நின்றுவிடுவேன். மாதக் கூட்டத்தில் போட்டோ கிளப் செயலாளர் மஹேஷ் என் படத்தைத் திரையில் போட்டு, "கொள்ளாம், நன்னாயிருக்கு சாம்பசிவன் சார். ஆனா முகம் பின்னயும் ஷேக் ஆயிடுத்து, கேட்டோ" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மறுநாள் சாயங்காலமே திரும்ப அதே இறக்கத்தில் போய் நிற்பேன்.

தப்பு என் கையில் இல்லை சார், வாழையில் இருந்தது. குழாய் போடத் தோண்டிய குழியை யாரோ அரைகுறையாக மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மளிகைக்கடை நெல்லையப்பன் இந்த ஊர் வழக்கப்படி அதில் ஒரு வாழையை நட்டுச் சிவப்புத் துணியும் கட்டினார். ரோடு சரியானால்தான் வாழையை எடுப்பார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்டதும் வண்டிகள் சரியாக என் முன்னால் வந்து பிரேக் பிடிக்கும். பிரேக் பிடித்தால் தலை முன்னால் ஆடும். தலை ஆடினால் முகம் போச்சு. ஆட்டோ ஓட்டும் ஜெயனிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். "பிரேக் பிடிக்காம பின்ன, குழியில இறங்கிப் படுக்கவா சாரே?" என்றான்.

வேறு இடம் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பழவங்காடி நெரிசலில் வண்டி நகர்வதே இல்லை. மற்ற இடங்களில் அந்த மாதிரிக் கடை விளக்குகள் கிடையாது.

அன்றைக்கு மழை அப்போதுதான் விட்டிருந்தது. குழியில் தண்ணீர் நிரம்பி, ரோடோடு ரோடாகத் தெரிந்தது. வாழையைப் பிடுங்கி டிரான்ஸ்பார்மர் வேலிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். முறிக்கவில்லை. ஒரே ஒரு படம் எடுத்ததும் திரும்ப நட்டுவிடலாம் என்றுதான் எண்ணம்.

முதலில் வந்தவர் பைக்கில் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஆள். என்னைத் தாண்டியதும் குழியில் விழுந்தார். நானே ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலில் சிராய்ப்புதான். "இவிடெ ஒரு வாழ உண்டாயிருன்னல்லோ?" என்று மலையாளத்தில் கேட்டார். இங்கே இருந்த வாழையை யாராவது எடுத்திருப்பார்கள் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். முகம் கலங்கியிருந்தது. ஐயோ, விழப்போகிறாரே என்று நினைத்ததில் பாதியிலேயே கை நின்றிருக்கிறது. ஷட்டர் மூடும்வரை கை நிற்கவே கூடாது. அது முழுக்க என் குறை, ஒப்புக்கொள்கிறேன்.

வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருந்தது. அதனால் வாழையை நடவில்லை.

அடுத்து வந்தது ஸ்மிதா. பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மியின் ஒரே பெண். எங்கள் தெருவில் என் படங்களைப் பொறுமையாகப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். "மாமா, என்னையும் ஒண்ணு எடுங்கோளேன். ஆடாம அனங்காம சிரிச்சிண்டே வரேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். என் முன்னால் வரும்போது பிரேக்கைத் தொடாதே, தலையை ஆட்டாதே, என்னையே பார் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். வாழை இருந்தவரை பாவம், அவளாலும் முடியவில்லை. அன்றைக்கு அதைக் காணோம் என்றதும் குழியை மூடிவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள். ஒரே சீராக ஸ்கூட்டரை விட்டுக்கொண்டு, ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்தத் தடவை கையை நிறுத்தவில்லை.

பின்னால் லாரி வந்தது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும் சார். அதன் விளக்கு அவள் தோளில் அழகாக விழுந்திருந்தது.

மறுநாள் ஜெயலக்ஷ்மி, "சுவரில மாட்ட நல்ல படம் ஒண்ணுகூட இல்லியே அண்ணா" என்று அழுதாள். இதைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். போன மாதம் எடுத்தது என்று சொன்னேன். எதற்கு வீணாக மனக்கஷ்டம்? "எவ்வளவு தெளிவா இருக்கா என் கொழந்தை" என்று கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். துக்கம் கேட்க வந்த மஹேஷும் வெகு நேரம் அதன் முன்னால் நின்றார். அவராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

அந்தச் சாப்பாட்டு ஆள் என்னை அடையாளம் காட்டியதில் எனக்கு வருத்தமில்லை. வாழையைப் பிடுங்கியது நான்தான். ஒருவர் விழுந்த பிறகும், தெரிந்தே, அதை நடாமல் நின்றதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாட்சியம் என்று அந்தப் படத்தை ஜெயலக்ஷ்மி வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டீர்களே, அது நியாயமில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார். நான் மட்டும் வாழையைத் திரும்ப நட்டிருந்தால், அந்தத் தாய்க்குப் பெண்ணின் நல்ல படம் ஒன்றுகூட இருந்திருக்காது.