மேல்தெருப் படிக்கட்டின் கைப்பிடி

தேநீருக்கு நன்றி, ஐயா. நகர மன்றக் கூட்டத்தில் தருவதைவிட இது எவ்வளவோ மேல். அங்கே தலைவரின் மேசையிலிருந்து தட்டு சுற்றத் தொடங்கும். கடைசி நாற்காலியில் இருக்கும் என்னிடம் வரும்போது ஆறிப்போன டம்ளரும் பிஸ்கட் தூளும்தான் மிச்சமிருக்கும். என் பேச்சுக்கும் அதே கதிதான். நான் எழுந்திருக்கும்போது பாதிப் பேர் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

என் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைப்பிடி. மன்றத்தில் தொடங்கி வீடு வரைக்கும் வந்துவிட்டது. கடைக்குக் கிளம்பினால் என் மனைவி, "கைப்பிடி வச்ச பையா எடுத்துட்டுப் போங்க, அது இல்லாம உங்களுக்கு ஒண்ணும் ஓடாதே" என்பாள்.

காரணம், மேல்தெருவிலிருந்து பேருந்து நிலையத்துக்கு இறங்கும் கல்படிகள். ஒரு பக்கம் அச்சகத்தின் சுவர். மறுபக்கம் இரும்புக் கைப்பிடி. அதற்கு அப்பால், நல்ல ஆழத்தில், லாரிகள் சரக்கு இறக்கும் சிமெண்டுத் தளம். கைப்பிடி என் அப்பா காலத்தது. தொட்டால் துரு கையோடு வரும். என் வார்டில் பேசுவதற்கு வேறு பிரச்சினையும் இல்லை. எனவே கூட்டத்துக்குக் கூட்டம் அதையே பேசினேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாலையோ சாக்கடையோ, யார் எதைக் கேட்டாலும் பொறியாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அங்க இதுவரைக்கும் ஏதாவது நடந்திருக்கா?" என்று கேட்பார். நடக்கவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பு. நடந்திருந்தால் அன்றைக்கே ஒப்புதல். பள்ளிக்கூட முனையில் வேகத்தடை வந்தது தபால்காரரின் கால் முறிந்ததால். சந்தைச் சாக்கடைக்கு மூடி வந்தது ஒரு மாடு உள்ளே விழுந்ததால். மாட்டுக்குக் கொடுத்த மரியாதையை எனக்கும் கொடுப்பார்கள் என்று நான் நம்பியது தவறா, சொல்லுங்கள்.

முதலில் நானே விழுந்தேன். சிரிக்கலாம், ஐயா, மன்றமே சிரித்தது. கடைசிச் சில படிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஆட்கள் வரும் நேரம் பார்த்து, தலைக்கு ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு விழுந்தேன். அடிபட்டது பையிலிருந்த தக்காளிக்கு. இருந்தாலும் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். எதிர்வரிசையில் லாரி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். "கைப்பிடியண்ணே, தீர்மானம் கொண்டுவந்தவரே விழுந்தா அதுக்குப் பேரு விபத்து இல்ல, விளம்பரம்" என்றார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வேற யாராவது விழட்டும்யா, பாத்துக்கலாம்" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு வேடிக்கை புரியாது என்று, நான் பெண் பார்க்கப் போன அன்றே என் மாமியார் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் சைக்கிள் கடைக்காரரிடம் ஸ்பேனர் இரவல் வாங்கினேன். "என்னண்ணே, மன்றம் கைவிட்டுடுச்சுன்னு நீங்களே இறங்கிட்டீங்களா?" என்றார். "சின்ன வேலைதான்" என்றேன். உச்சிப் படியில் இருக்கும் கம்பத்தின் போல்ட்டுகளைக் கழற்ற எனக்கு அரைநாள் பிடித்தது. கழற்றிய பிறகும் கைப்பிடி பார்வைக்கு அப்படியே நின்றது. பட்டப்பகல். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "பரவால்லையே, உறுப்பினரே உக்காந்து வேலை பாக்குறாரே" என்று பாராட்டினார்கள். ஒருவர் வெயிலுக்குக் குடைகூடப் பிடித்தார். பொதுவாழ்வில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, ஒரு கைப்பிடியைக் கழற்றியதற்கு. ஸ்பேனரைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். போல்ட்டுகளைச் சட்டைப்பையிலேயே மறந்துவிட்டேன். துவைக்கப் போட்ட சட்டையில் அவற்றைக் கண்டெடுத்து உங்களிடம் கொடுத்தவள் என் மனைவி. பாவம், எதையும் சோதித்துப் பார்க்காமல் தண்ணீரில் போட மாட்டாள்.

அடுத்த நாள் காலை பேருந்து நிலையத்துப் பெஞ்சில், படிகளுக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். என்னை இரக்கமில்லாதவன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். முதலில் வந்தவர் முந்தின நாள் போதை தெளியாத பெயிண்டர். இவர் விழுந்தால் மன்றத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். மேலே ஏறிப்போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். பிறகு கைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டே ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "சுவர்ப் பக்கமா வாம்மா" என்று கத்தினேன். அடுத்து லாரிக்கார உறுப்பினரின் மாமனார். அரசியல் பழி என்பார்கள். அவரையும் சுவர்ப் பக்கமே வரவைத்தேன். அன்று காலை நான் காப்பாற்றியவர்கள் பலர். அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அப்புறம் தையல்கார அக்கா வந்தார். மேல்தெருவில் பள்ளிச் சீருடை தைப்பவர். முழங்கால் வலிக்காரர். இந்தக் கைப்பிடியை மாற்றுங்கள் என்று முதன்முதலில் என்னிடம் கேட்டவரே அவர்தான். குடிப்பவர் இல்லை, கைபேசி கிடையாது, எந்தக் கட்சிக்கும் உறவில்லை. அவசரமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. மன்றத்தில் எவராலும் அவர்மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ஒரு சுளுக்கு போதும் என்றுதான் நினைத்திருந்தேன். உச்சிப் படியில் கழற்றிவிட்டுச் சுளுக்கை எதிர்பார்த்தவன் நான். உயரத்தையும் ஆழத்தையும் கணிக்கத் தெரிந்திருந்தால் பொறியாளர் ஆகியிருப்பேனே.

தீர்மானம் அந்த வாரமே நிறைவேறியது, ஒருமனதாக. எல்லோரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். நான் அழுதேன், அது நடிப்பில்லை. தலைவர் என் தோளைத் தட்டி, "நீ தலைபாடா அடிச்சுக்கிட்டய்யா, நாங்கதான் கேக்கல" என்றார். வெளியே அக்காவின் மகள் காத்திருந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான் மாமா" என்றாள். கையை உருவிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மற்றவர்களைப் பார்த்துக் கத்தியவன் அக்காவைப் பார்த்து ஏன் கத்தவில்லை என்று கேட்டீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம். கத்தினேன்.

அக்கா அந்தக் கைப்பிடியை என்றைக்கும் நம்பியதில்லை. சுவரைத் தடவிக்கொண்டேதான் இறங்குவார். அன்றும் சுவரில் கையை வைத்துத்தான் முதல் படியில் கால் வைத்தார். அப்படியே இறங்கியிருந்தால் கீழே வந்து என்னிடம் நலம் விசாரித்திருப்பார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன தம்பி, நீங்களே சரி பண்ணிட்டீங்களாமே? தெருவே பேசுது."

"ஆமாக்கா," என்றேன். "இப்ப கெட்டியா இருக்கு. நல்லா சாஞ்சு பிடிச்சுக்கிட்டு வாங்க."

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். இத்தனை வருடம் பேசியதில், நான் சொன்னதை ஒருவர் மறுகேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல்முறை, ஐயா. எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.